மாமா சுண்டிய அரை டாலர்

மாமா ரிட்டயர் ஆகி ஃபிலடெல்பியா வந்தாலும் அவருக்குள்ளே அடகுக்கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. நேற்று நாணயக் கண்காட்சியில் ஒரு 1832 அரை டாலரை, விளிம்பை மட்டும் பிடித்து, மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "இங்க குடுங்க மாப்ள" என்று வாங்கியவர் கட்டைவிரல் நகத்தில் வைத்து ஒரே சுண்டு. டிங்! அடுத்து மேஜைக் கண்ணாடியில் போட்டுப் பார்க்க ஓங்கினார். கடைக்காரத் தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நாதம் சுத்தம். வெள்ளிதான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, "எடை?" என்றார்.

பதிமூன்றரை கிராம், அதில் வெள்ளி 12 கிராம். "12 கிராமுக்கா இந்த விலை?" 1804-ல் வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்தியபின் முப்பது வருஷம் அரை டாலர்தான் இருப்பதிலேயே பெரிய வெள்ளிக்காசு, வங்கிகள் மூட்டை கட்டி வைத்திருந்ததால் தேயாமல் தப்பியது என்றெல்லாம் தாத்தா விளக்கினார். 1794 டாலர் ஒன்று 2013-ல் ஒரு கோடி டாலருக்குப் போனதை நான் எடுத்துவிட்டேன்.

"செய்கூலி சேதாரம் எவ்வளவு போட்டான்?"

1795 டாலர் ஒன்றில் அரம் போட்ட கீறல். எடை கூடிய வில்லையை அச்சடிக்குமுன் ராவிக் குறைத்த தடம். மாமாவுக்கு அமெரிக்கா மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. "சரி, ராவுன தூளை யார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா?"

தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு பாதி விலை, கறுத்தது முழு விலை என்றதும்தான் ஆடிப்போனார். "உங்க அத்தை வெள்ளிச்சாமான் பூரா விபூதி போட்டுத் தேய்ப்பாளே, அவள இங்க உள்ள வெச்சிருவாங்களா?"

கிளம்பும்போது கழிசல் டப்பாவில் கைவிட்டு ஒரு பத்து சென்ட் வெள்ளிக்காசை எடுத்தார். உச்சியில் ஓட்டை. சேகரிப்பவன் தொடமாட்டான், வெறும் வெள்ளி விலைதான் என்றேன்.

"எவனோ பிள்ளை கழுத்துல கட்ட ஓட்டை போட்டிருக்கான் மாப்ள."

கீரைக்காரியிடம்கூட பேரம் பேசாமல் நகராத மனுஷன், கேட்ட பணத்தை அப்படியே நீட்டினார்.

இப்போது அது கறுப்புக் கயிற்றில் பாப்பா கழுத்தில். வீட்டில் என் காசுகள்மீது விசாரணை நடக்கிறது. "இத்தனையும் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?" என்று அத்தை விபூதி டப்பாவோடு பீரோவைச் சுற்றுகிறார். சாவி என் பேண்ட் பாக்கெட்டில். தூங்கும்போதும்.