இருபது வருடக் கணக்கு

புது மருந்து கண்டுபிடிப்பவருக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கண்டுபிடித்ததை ஒளிக்காமல் ஊருக்குச் சொல், பதிலுக்குக் கொஞ்ச காலம் நீ மட்டும் விற்றுக்கொள். காப்புரிமை என்பது இந்த ஒப்பந்தம்தான். நியாயமானது.

1995-இல் நடைமுறைக்கு வந்த ட்ரிப்ஸ், அதாவது உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம், அந்தக் காலத்தை 20 ஆண்டு என்று வைத்தது. அது மருந்து விற்பனைக்கு வரும் நாளிலிருந்து இல்லை, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஓடுகிறது. பரிசோதனைகளிலேயே பல வருடம் கரைந்துவிடும். சரி, இழந்ததை எப்படி மீட்பது? அதே மூலக்கூறை வேறொரு அமிலத்தோடோ காரத்தோடோ சேர்த்துச் செய்த வேறு உப்பு வடிவம், மாத்திரையின் புதிய கலவை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காப்புரிமை கேட்பார்கள். இதில் புதுமை எங்கே இருக்கிறது? உண்மையான ஆராய்ச்சிக்குப் போக வேண்டிய பணமும் மூளையும் வக்கீல் வேலைக்குப் போகிறது. என் ஆதங்கம் இதுதான்.

பெடாகுயிலின் கதையைப் பாருங்கள். பழைய மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கான மாத்திரை. அதன் ஃபியூமரேட் உப்பு வடிவத்துக்கு இந்தியாவில் 2027 வரை காப்புரிமை கேட்டது ஜான்சன் அண்ட் ஜான்சன். எதிர்த்து மனு போட்டவர்களில் இரண்டு பெண்கள், காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்துகளின் பக்கவிளைவால் இருவருக்குமே காது கேட்காமல் போயிருந்தது. 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அன்று அந்தச் செய்தியை மூன்று முறை படித்தேன்.