கிரீன் ஸ்வாம்ப்: பூச்சி தின்னும் செடியும் அதன் வெள்ளைப் பூவும்

அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் கிரீன் ஸ்வாம்ப் காட்டுக்குப் போக பஸ் கிடையாது. அதே மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் இருந்து சுமார் 35 மைல். கார் வாடகைக்கு எடுக்கலாம் என்றால் கிரெடிட் கார்டு இல்லாமல் முடியாது என்று கவுன்ட்டரிலேயே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பேசிப் பிடித்த டாக்ஸிக்காரர் போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 150 டாலர் என்று ஒத்துக்கொண்டு, காட்டோரத்தில் திரும்பக் கிளம்பும் நேரத்தில் 210 கேட்டார். "வெயிட்டிங் தனி" என்றார். போன் சிக்னலே ஒழுங்காக எடுக்காத இடத்தில் இப்படிக் கேட்பது பச்சை அநியாயம். அந்த 60 டாலர் எனக்கு ஒரு நாள் செலவு.

சரி, பணம் போனால் போகட்டும், போன இடம் அப்படி!

பள்ளி உயிரியல் பாடத்தில் பூச்சி தின்னும் செடிகள் என்று நெப்பந்தஸ், ட்ரோசிரா, டயோனியா என்று வரிசையாக மனப்பாடம் செய்திருப்போம் இல்லையா, அந்த டயோனியாதான் வீனஸ் ஃப்ளைட்ராப். அதன் பூர்வீகம் வில்மிங்டனைச் சுற்றி ஏறக்குறைய 100 மைலுக்குள், வட கரோலினா, தென் கரோலினா இரண்டின் கடலோரத்தில் மட்டும்தான். வேறு எந்தக் கண்டத்திலும் கிடையாது. 1759-லேயே அன்றைய வட கரோலினா ஆளுநர் ஆர்தர் டாப்ஸ் இதைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறார்.

211-ஆம் நெடுஞ்சாலை ஓரம் சின்ன பார்க்கிங், அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. உயரமான பைன் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, நடுவில் இடுப்பளவு புல், காலுக்குக் கீழே ஈர மணல். படங்களில் பெரிதாகக் காட்டிக் காட்டி நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள், நிஜத்தில் பூச்சியைப் பிடிக்கும் அதன் இலை, அதாவது ஒரு பொறி, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, புல்லடியில் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. குனிந்து தேடினால்தான் கண்ணில் படும், ஒன்று பட்டுவிட்டால் அப்புறம் காலை எங்கே வைப்பது என்றே தெரியாத அளவுக்குச் சுற்றிலும் அதுதான்.

பொறியின் உட்புறம் சிவப்பு. ஒவ்வொரு மடலிலும் பெரும்பாலும் மூன்று மெல்லிய முடிகள். ஓர் எறும்பு உள்ளே இறங்கி ஒரு முடியை உரசியது, ஒன்றும் நடக்கவில்லை. நான்கைந்து நொடி கழித்து இன்னொரு முடியில் இடித்ததுதான் தாமதம், மூடிக்கொண்டது! சுமார் 20 நொடிக்குள் இரண்டு தொடுகை விழுந்தால்தான் மூடும், மழைத்துளிக்கெல்லாம் வீணாக மூடாமல் இருக்க இந்த ஏற்பாடு. சத்தில்லாத அந்த மணலில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியில் இருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு பொறி சில தடவை மூடித் திறந்தால் கருகிவிடும், அதனால் தயவுசெய்து விரலை விட்டு விளையாடாதீர்கள்.

ஆனால் நான் போனது பூவுக்காக. மே கடைசி, சரியான சமயம். பொறிகளுக்கு மேலே நீளக் காம்பின் நுனியில் ஐந்து இதழ் வெள்ளைப் பூ, இதழில் மெல்லிய பச்சை நரம்புகள். பச்சையாக மின்னும் குட்டித் தேனீ ஒன்று பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது. மகரந்தம் கொண்டுவரும் பூச்சிகள் பொறிகளில் அகப்படுவதே அபூர்வம் என்று 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. கீழே நடக்கும் எறும்பும் சிலந்தியும்தான் அதற்கு முக்கியமான இரை. மேலே விருந்தாளி, கீழே சாப்பாடு, என்ன கணக்கு இது!

பைன் மரங்களின் அடி கரிபிடித்திருப்பதைப் பார்த்துப் பதறவேண்டாம். காட்டைப் பராமரிக்கும் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பே திட்டமிட்டுத் தீ வைக்கிறது. வைக்காவிட்டால் புதர் மண்டி வெயில் தரைக்கு வராது, இந்தச் செடி மறைந்தே போகும். தீயில் இலை எரிந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் இருந்து திரும்பத் துளிர்க்கும்.

இதைப் பெயர்த்துத் திருடுகிறார்கள் என்பதுதான் தாங்கவில்லை. 2014 டிசம்பரில் இருந்து வட கரோலினாவில் அது பெருங்குற்றம், அப்படியும் நிற்கவில்லை. வளர்க்க ஆசையா, நர்சரியிலேயே வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள், மழைத்தண்ணீர் ஊற்றுங்கள்.

ராத்திரி வில்மிங்டனில் கேலபாஷ் பாணி இறால். மெல்லிசாகச் சோளமாவு தடவிப் பொரித்தது, கூடவே ஹஷ்பப்பி என்று நம் குட்டி போண்டா மாதிரி உருண்டைகள். 18 டாலர் தட்டு, இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுதாகத் திருப்தி தந்த ஒரே சாப்பாடு இதுதான்.

விவரமெல்லாம் வரிசையாகச் சொல்ல நினைத்தேன், பூ இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிரீன் ஸ்வாம்பில் கட்டணம் இல்லை. தண்ணீர், கழிப்பறை எதுவும் இல்லை. உண்ணி ஏறும், முழுக்கால் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். டாக்ஸிக்கு இவ்வளவு கொடுக்க முடியாதவர்கள் வில்மிங்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கரோலினா பீச் ஸ்டேட் பார்க்கில் ஃப்ளைட்ராப் டிரெயில் போகலாம். அங்கேயும் கட்டணம் இல்லை, அரை மைல் சுற்றுதான்.