டார்ச் லைட்டும் டோபமினும்

ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் பதினோரு வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன். பார்க்கின்சன் நோய்க்கு, அசைவை நடத்தும் டோபமின் என்ற மூளை ரசாயனத்தைப் போல வேலை செய்யும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரைகளை வாங்க வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள், பிரஷர் இறங்கித் தலை சுற்றும். திடீரென்று தூக்கம் அமுக்கும், அதனால் வண்டியைத் தொடாதீர்கள். வாந்தி வந்தால் மெட்டோக்ளோப்ரமைடு மட்டும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அது மூளையில் டோபமினையே தடுத்து உடம்பை இன்னும் இறுக வைத்துவிடும். இதெல்லாம் தடங்கலில்லாமல் வந்துவிடும். இன்னொன்று இருக்கிறது, அதற்குத்தான் வாய் வராது. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, பேரன் எடுத்த ஒரு பெரியவரிடம் "சூதாடத் தோன்றுகிறதா சார், அந்த ஆசை கூடியிருக்கிறதா?" என்று எப்படிக் கேட்பது?

அப்படி நான் கேட்காமல் விட்ட ஒருவரின் மனைவி ஒருநாள் தனியாக வந்தார். "நடுக்கமெல்லாம் பரவாயில்ல தம்பி. வீட்டுக்கு டார்ச் லைட்டா வந்துகிட்டிருக்கு" என்றார். சிரித்துவிட்டேன், இன்றைக்கும் உறுத்துகிறது. அவர் போனை நீட்டினார். 17 டார்ச், எல்லாம் விடியற்காலை இரண்டு மணி, மூன்று மணிக்குப் போட்ட ஆர்டர். அதற்குக் கீழே ரம்மி விளையாட்டுக்குப் பணம் போன கணக்கு. லாட்டரியை 2003லேயே ஒழித்த மாநிலம்தான், ஆனால் போன் கையிலேயே இருந்ததே. பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டினால், டோஸ் கூட்டி இரண்டு மாதத்தில் முதல் டார்ச் வந்திருக்கிறது.

அசைவுக்கு வேண்டிய இடத்தோடு இந்த மருந்து நிற்பதில்லை, ஆசையைக் கிளப்பும் இடத்தையும் தட்டி எழுப்பிவிடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு கட்டுப்படாத பழக்கம் இருந்தது. எடுக்காதவர்களில் 7 சதவீதம். அரிது என்று யாரும் தள்ளிவிட முடியாது.

அப்புறம் டார்ச் வாங்கியவரின் மகன் கோபத்தில் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டான். அது அடுத்த தப்பு. நாலாம் நாள் வியர்வை, பதற்றம், அழுகை, கூடவே உடம்பு கட்டையாகிவிட்டது. டாக்டர் மறுபடி ஆரம்பித்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மூளையில் டோபமினாகவே மாறும் லெவோடோபா மருந்தைக் கூட்டித்தான் சரிக்கட்டினார்.

இப்போதெல்லாம் தண்ணீர் கேன் இருக்கும் மூலைக்கு, கூட வந்தவரையும் சேர்த்தே அழைத்துப்போய்க் கேட்கிறேன். "வியாதியால இல்ல, குணத்தாலயும் இல்ல, மாத்திரையால சில பேருக்கு இப்படி ஆகும். செலவு, விளையாட்டு, தீனி, வேற ஆசை, எதுலயாவது புதுசா கை நிக்க மாட்டேங்குதா?" போன வாரம் ஒருவர், அதெல்லாம் ஒண்ணுமில்ல சார் என்றார் பட்டென்று. பக்கத்தில் அவர் மனைவி பதிலே சொல்லாமல் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சீட்டின் ஓரத்தில் டாக்டருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன்.