தலைப்புகளை மட்டும் தனியே படித்துப் பார்த்தேன்: சொட்டுநீர்க் கையேட்டில் செய்த மாற்றங்கள்

மொட்டைமாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவியை இஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சில்லைக் கொண்டு செய்வதற்கான தமிழ்க் கையேடு ஒன்றை கையேடுகளை இணையப் பக்கங்களாக்கும் எம்கேடாக்ஸ் மென்பொருளில் பராமரித்து வருகிறேன். திருப்பாலையிலும் ஒத்தக்கடையிலும் உள்ள நண்பர்கள் அதைப் பார்த்துத்தான் கருவியைப் பொருத்துகிறார்கள். அவர்களில் யாரும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதில்லை. ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரும் மறுகையில் கைப்பேசியுமாக நின்றபடி, வேண்டிய பகுதியை மட்டும் தேடுகிறார்கள். ஆகவே இம்முறை உள்ளடக்கத்தைத் தொடாமல், தலைப்புகளையும், அவற்றை ஓரத்தில் பட்டியலிடும் பக்கப்பட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் எல்லாத் தலைப்புகளையும் உருவி ஒரே தாளில் அச்சிட்டேன். "அமைப்பு" என்ற தலைப்பு நான்கு பக்கங்களில் இருந்தது. "குறிப்புகள்", "பிரச்சினைகள்" ஆகியவையும் அப்படியே. பக்கத்துக்குள் இருக்கும்போது சுற்றியுள்ள பத்திகள் பொருளை விளக்கிவிடும். ஆனால் பக்கப்பட்டியிலும் தேடல் முடிவிலும் தலைப்பு தனியாகத்தான் நிற்கிறது. மதுரையில் "வடக்கு ஆவணி மூல வீதி" என்று சொன்னாலே கோயிலைச் சுற்றிய எந்தச் சுற்று, அதில் எந்தத் திசை என்ற இரண்டும் தெரிந்துவிடுகின்றன. வெறுமனே "வடக்கு வீதி" என்றால் ஆட்டோக்காரர் திரும்பக் கேட்பார். இதையே அளவுகோலாகக் கொண்டு, "அமைப்பு" என்பதை "வால்வை ரிலேயுடன் இணைத்தல்", "வைஃபை கடவுச்சொல்லைப் பதிதல்" என்றெல்லாம் பிரித்தேன். "பிரச்சினைகள்" என்பது "மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால்" என்றாயிற்று. தலைப்புகள் நீண்டுவிட்டன என்பது உண்மைதான். எனினும் இரண்டு வரிக்கு மடங்கும் தெளிவான தலைப்பு, ஒற்றை வரியில் நிற்கும் புதிரைவிட மேல்.

அடுத்தது தலைப்பு நிலைகள், அதாவது எது பெருந்தலைப்பு, எது அதன் உட்தலைப்பு என்ற படிவரிசை. எழுத்தின் அளவு பொருத்தமாக இருக்கிறது என்பதற்காகச் சில இடங்களில் இரண்டாம் நிலைக்கு அடியில் நேரே நான்காம் நிலைத் தலைப்பு போடப்பட்டிருந்தது. பார்வையற்றோருக்காகத் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானில் எச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். 1 முதல் 6 வரையுள்ள எண் விசைகளால் அந்தந்த நிலைக்கு மட்டும் தாவலாம். அவ்வாறு கேட்டுப் படிப்பவருக்கு நடுவே ஒரு நிலை இல்லாவிட்டால், எதையோ தவறவிட்டோமோ என்ற ஐயம் எழும். இப்போது நிலை வரிசையாக இறங்குகிறது. எழுத்தளவை, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்கிறது.

அதிக நேரம் பிடித்தது இணைப்பு முகவரிகள்தான். ஒரு தலைப்புக்கு நேரே தாவ, பக்க முகவரியின் கடைசியில் ஹாஷ் (#) குறிக்குப் பின் ஒரு துண்டு சேரும். தலைப்பிலிருந்து அந்த முகவரித் துண்டை உருவாக்கும்போது, எம்கேடாக்ஸ் பயன்படுத்தும் பைதான் மார்க்டவுன் இயல்பாக ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகள்) அல்லாத எழுத்துகளையெல்லாம் நீக்கிவிடுகிறது. தமிழ்த் தலைப்பில் எதுவுமே மிஞ்சாததால் அது "_1", "_2" என்று எண்ணிடுகிறது. நடுவில் ஒரு புதிய தலைப்பைச் சேர்த்தால் அடுத்துள்ள எண்கள் எல்லாம் நகர்ந்து, ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் வேறு பகுதிக்குக் கொண்டுபோய் விடுகின்றன. பிற மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோட் வகையை இயக்கிப் பார்த்தேன். பைதானில் எழுத்துகளைத் தேடிப் பொருத்தும் சுருங்குறித்தொடர் (ரெஜெக்ஸ்) உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை என்பதால், "வால்வு ரிலே" என்பது "வலவ-ரல" என்று வந்து நின்றது! இறுதியில் ஒவ்வொரு தலைப்புக்கும் ரோமன் எழுத்தில் ஒரு குறுகிய அடையாளத்தை நானே கையால் எழுதிவிட்டேன். இனித் தலைப்பின் சொற்களை மாற்றினாலும் இணைப்பு மாறாது.

பக்கப்பட்டியில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். இருக்கும் பக்கத்தை நிறத்தால் மட்டும் காட்டாமல் தடித்த எழுத்தாலும், திரைவாசிப்பானுக்காக ஏரியா-கரண்ட் பண்பாலும் குறித்தேன். மேலே ஒட்டி நிற்கும் பட்டை, தாவி வந்த தலைப்பை மறைத்துக்கொண்டிருந்தது; ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப் என்ற ஒரே சிஎஸ்எஸ் வரியில் அது சரியாயிற்று.

மிச்சமிருந்தது பழைய இணைப்புகள். பொருத்தப்பட்ட பெட்டிகள் சிலவற்றின் உட்புறத்தில் "_3" என முடியும் முகவரியுடன் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. முகவரியில் ஹாஷ் குறிக்குப் பின்னால் வரும் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. எனவே அங்கிருந்து திருப்பிவிட வழியில்லை. வால்வு இணைக்கும் தலைப்புக்கு மேலே அதே அடையாளத்துடன் ஒரு வெற்று நங்கூரத்தை (இணைப்பு வந்து சேர்வதற்கான, கண்ணுக்குத் தெரியாத இடக்குறியை) வைத்திருக்கிறேன். ஒத்தக்கடையில் ஒரு பெட்டியைத் திறந்து ஸ்கேன் செய்தபோது பக்கம் சரியான இடத்தில் திறந்தது. திருப்பாலைப் பெட்டிகளை இன்னும் பார்க்கவில்லை.