இஸ்தான்புல் விமான நிலையத்தில் கறுப்புப் பட்டைகள்

லண்டன் விமானத்துக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நாலைந்து பேருக்கும் மழித்த தலை, நெற்றியில் கறுப்புப் பட்டை, பின்மண்டை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

அதில் ஒருவருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வீங்கிய நெற்றியோடு, கழுத்தில் தலையணையை மாட்டிக்கொண்டு, தலை எதிலும் பட்டுவிடக்கூடாதே என்று பயந்து பயந்து நின்றார்.

வழுக்கையில் முடி நடுவதற்காகத்தான் இவர்கள் இஸ்தான்புல் வந்தது. ஹோட்டல், கார், ஆபரேஷன் எல்லாம் சேர்த்தே லண்டனில் ஆகும் செலவில் பாதிகூட வராது, அப்புறம் யார்தான் போகமாட்டார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் பின்மண்டையிலிருந்து ஒவ்வொரு வேராக எடுத்துத்தான் முன்னால் நடுகிறார்கள், எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. இருபத்தைந்திலேயே அந்தக் கையிருப்பைத் தீர்த்துவிட்டால், நாற்பதில் மேலும் கொட்டும்போது எடுக்க எதுவும் மிஞ்சாது.

இதை யாராவது அந்தப் பையனிடம் சொல்லியிருப்பார்களா?

சில கிளினிக்குகளில் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், டெக்னீஷியன்கள்தான் மொத்தமும் செய்கிறார்கள். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, திரும்ப முளைத்து, முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். நடுவில் சீழ் வைத்தால் யாரிடம் ஓடுவது?

போகிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் கேளுங்கள்: என் தலையில் கை வைக்கப்போவது யார்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.