எட்டு வாரம் எங்கள் ஸ்டுடியோவில் ஒரு சுடுமண் கலைஞர்

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை, 2024 நவம்பர் 4, காலை ஆறரை மணிக்கெல்லாம் அந்தக் கலைஞர் வந்து இறங்கிவிட்டார். நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கூடவே ஒரு குட்டியானை வண்டியில் எட்டு மூட்டை களிமண். நாங்கள் ஆபீஸ் திறப்பது பத்து மணிக்கு. அதுவரை திண்ணையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். தங்கி வேலை செய்ய ஒருவரைக் கூப்பிட்டோமே, சாவி கொடுக்க வேண்டாமா? எங்கள் ஆறு பேரில் யாருக்கும் அது தோன்றவில்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறது எங்கள் டிசைன் ஸ்டுடியோ. கடைப் பலகை, லோகோ, பொருள் அடைக்கும் பெட்டிகளுக்கான அட்டை, கொஞ்சம் தமிழ் எழுத்துரு. பின்கட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தே வேலை செய்கிறோம், கையால் செய்பவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் இந்த ரெசிடென்சியை, அதாவது கலைஞர் தங்கி வேலை செய்யும் ஏற்பாட்டை, ஆரம்பித்தோம். அக்கா கடலூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், சுடுமண் சிற்பம் செய்பவர்.

ஒப்பந்தம் இரண்டே பக்கம், தமிழில். யார் இதைச் செய்தாலும் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் தன் வேலையாகச் செய்வதற்கு உரிமைக்காரர் முதலாளி. தங்கிப் போகிற கலைஞர் ஊழியர் இல்லை. அவர் தன் போக்கில் செய்யும் சிற்பம், எழுதி வாங்காதவரை, அவருடையதுதான். (காசு கொடுத்து ஓவியமோ போட்டோவோ ஆர்டர் செய்தால் கணக்கு வேறு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) நாங்கள் எதையும் எழுதி வாங்கவில்லை. உரிமை அவருக்கே என்று தெளிவாகப் போட்டோம்.

பணத்தில்தான் சறுக்கினேன். மொத்தம் 60,000 ரூபாய், இரண்டு தவணை. மண், விறகு, சூளைக் கூலி தனி. தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கில் வைத்து, அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டியிருந்தது, பான் எண் இல்லாவிட்டால் 20 சதவீதம். முதல் தவணையாக 27,000 கைக்கு வந்ததும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. அவர் கணக்கில் அது 3,000 ரூபாய் ஏமாற்று. கூப்பிடும்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் வருமான வரிக் கணக்கை நாங்களே உடனிருந்து தாக்கல் செய்து, பிடித்ததைத் திரும்ப வாங்கிக் கொடுத்தோம்.

முதல் இரண்டு வாரம் அவரை நாங்கள் வேலை செய்யவே விடவில்லை. "அக்கா, இந்த நிறம் எப்படியிருக்கு?", "அக்கா, கஸ்டமர் வந்திருக்காங்க, ஒரு நிமிஷம் வாங்க." ஆசையில்தான் செய்தோம். இரண்டாம் வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது கேட்டார்: "தம்பி, நான் வேலை செய்ய வந்தேனா, வேடிக்கை காட்ட வந்தேனா?"

1960, 70களில் லண்டனில் பார்பரா ஸ்டீவெனி, ஜான் லேதம் போன்றவர்கள் கம்பெனிகளுக்குள்ளும் அரசு அலுவலகங்களுக்குள்ளும் கலைஞர்களை அனுப்பினார்கள். சம்பளம் உண்டு, ஆனால் இன்னதைச் செய்து தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் தொடங்கினோம். படித்ததைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வெள்ளிக்கிழமை புரிந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்: மதியம் மூன்றிலிருந்து நாலு மணி வரை மட்டும் அறைக்குப் போகலாம், மற்ற நேரம் அவர் கூப்பிட்டால்தான். அடுத்த பத்து நாளில் 22 உருவங்கள் வந்தன.

அந்த 22ம் போய்விட்டன. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. ஞாயிறு காலை முழங்கால் தண்ணீரில் போய் அறையைத் திறந்தேன். கம்ப்யூட்டர்களை வெள்ளிக்கிழமையே மேஜை மேல் ஏற்றியிருந்தோம். சிற்பங்கள் தரையில் உலர்ந்துகொண்டிருந்தன. சுடாத மண் தண்ணீரில் நின்றால் கரைந்துவிடும். அறையெங்கும் சேறு. எங்கள் பொருளைக் காப்பாற்றத் தெரிந்த எனக்கு அவருடையதை ஏற்றிவைக்கத் தோன்றவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

அவர் ஊரிலும் வெள்ளம், நாலு நாள் கழித்துத்தான் வர முடிந்தது. அறையைப் பார்த்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார். "மண்ணு எங்கயும் போகல தம்பி, உருவம்தான் போச்சு. பழைய வேட்டி இருந்தா கொண்டாங்க." ஆறு பேரும் சேற்றை வாரி, வடிகட்டி, வேட்டியில் கட்டித் தொங்கவிட்டோம். தண்ணீர் வடிந்ததும் மணல் கலந்து மிதிக்கச் சொல்லிக் கொடுத்தார். உள்ளே நிற்கும் காற்று வெளியேறி மண் சீராக வேண்டும் என்பதால் மிதித்த பிறகும் கையால் அழுத்திப் பிசைந்தார். தரையில் காய்ந்த மண்ணைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்; அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதையும் அன்றுதான் கற்றோம். ரெசிடென்சியை ஜனவரி 10 வரை நீட்டி 15,000 ரூபாய் கூட்டிக் கொடுத்தோம்.

மறுபடி செய்ய உட்கார்ந்தவர் உருவங்களைச் செய்யவில்லை. அதற்கு முந்தைய வாரம் எல்லோருமாகப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய், பக்கத்துப் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டின் பானையோடுகளைப் பார்த்திருந்தோம். அரிக்கமேட்டில் தமிழ் பிராமி எழுத்து கீறிய ஓடுகளும் கிடைத்திருக்கின்றன என்று எங்கள் எழுத்துரு வேலை பார்க்கும் பையன் அங்கே அவரிடம் சொல்லியிருந்தான். இப்போது சின்னச் சின்ன ஓடுகள் தட்டி, ஈர்க்குச்சியால் எழுத்துகளைக் கீறினார். ஈர மண்ணில் குச்சி போகிற வழியில் விளிம்பு எழும்பும், சட்டென்று திருப்பினால் பிய்ந்துவிடும். அவருடைய 'ழ'வின் கீழ்ச்சுழி அதனால் நிதானமாக, அகலமாகத் திரும்பியது. ஒரு கடைப் பலகைக்கு அதே எழுத்தோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்தப் பையன், ஒருநாள் மதியம் அந்த மூன்று முதல் நாலு மணிக்குள் அறைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு மேஜைக்குத் திரும்பிச் சுழியை முழுதாக மாற்றினான். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

சுட்டு வந்த ஓடுகளின் படத்தைப் பார்த்த ஒரு கஸ்டமர், தங்கள் பெட்டியில் போட்டுக்கொள்கிறோம், உங்கள் இடத்தில் செய்ததுதானே என்றார். அக்காவின் நம்பரைக் கொடுத்து, அவரைக் கேளுங்கள் என்றேன். கொஞ்சம் மனஸ்தாபம்தான். ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தார். ஒரு வருஷத்துக்கு 12,000, பெட்டியில் தன் பெயர் வர வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறார். "இதுலயும் அந்தப் பத்து சதவீதம் புடிப்பாங்களா தம்பி?" என்று கேட்டார். அப்போதைய வரம்பான 30,000க்குள் என்பதால், பிடிக்க மாட்டார்கள் அக்கா என்றேன்.