தரையைப் பார்க்காத யாகி

பால்வெளியின் ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் சிக்னலை வீட்டிலேயே பிடிக்க வேண்டும், அதுவும் குறைந்த செலவில். மொட்டை மாடியில் டிஷ் வைக்க இடமில்லை என்பதால் யாகி, அதாவது பழைய டிவி ஆன்டெனா போல ஒரு தண்டில் ராடுகள் வரிசையாக நிற்கும் ஆன்டெனா. வெல்டிங் கடையில் கிடைக்கும் அலுமினிய ராடுகளே போதும். எந்த ராடு எவ்வளவு நீளம், எவ்வளவு இடைவெளி என்பதைத்தான் பரிணாம அல்காரிதத்திடம் விட்டிருக்கிறேன்.

நீளங்களும் இடைவெளிகளும் அடங்கிய ஓர் எண்வரிசைதான் ஒரு ஆன்டெனா. அப்படி நூற்றுக்கணக்கில் கண்டபடி உருவாக்கி, ஒவ்வொன்றையும், ஆன்டெனா எப்படி வேலை செய்யும் என்று கணக்கிடும் நெக்-2 மென்பொருளில் ஓட்டி மதிப்பெண் போட வேண்டும். தேறியவற்றை ஒன்றோடொன்று கலந்து, அங்கங்கே ஓர் எண்ணை மாற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். நெக்-2, 1981-ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திலிருந்து வந்தது. இன்று இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

சூட்சுமம் முழுக்க மதிப்பெண்ணில்தான். கெயின், அதாவது ஒரே திசையில் குவிக்கும் திறன், அதை மட்டும் கேட்டால் கெயின் மட்டும்தான் வரும். ரேடியோ இரைச்சலை வெப்பநிலையாக, கெல்வினில் அளப்பார்கள். 1420-ல் பால்வெளியை விட்டு விலகிப் பார்த்தால் வானம் பத்து கெல்வினுக்குள்தான் இருக்கும். மாடித் தளமோ 300 கெல்வின். ஆன்டெனாவின் பார்வையில் பத்தில் ஒரு பங்கு தரையில் விழுந்தாலே 30 கெல்வின் இரைச்சல் ஏறிவிடும். வானத்தின் இரைச்சலைப் போல மூன்று மடங்கு! அதனால் பின்பக்கமும் பக்கவாட்டிலும் கசிகிற ஒவ்வொரு டெசிபெலுக்கும் என் நிரல் மதிப்பெண்ணைக் கடுமையாக வெட்டுகிறது.

இந்த வழியில் எனக்கு முன்னோடிகள் எட்வர்ட் ஆல்ட்ஷுலரும் டெரெக் லிண்டனும். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோவின் 305 மீட்டர் ரேடியோ தொலைநோக்கிக்கு ஃபீடாக, அதாவது டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் ஆன்டெனாவாக, ஒரு யாகியை ஜெனடிக் அல்காரிதம் என்ற பரிணாம முறையில் வடிவமைத்தவர்கள். தேடியது ஆதிகால ஹைட்ரஜனை: பிரபஞ்சம் விரிவதால் அலை நீண்டுபோவதைக் குறிக்கும் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 5 என்றால் 1420 ஆறில் ஒரு பங்காகி, 235 மெகாஹெர்ட்ஸ் அருகே வந்துவிடும். தொல்லை கொடுத்தது சுற்றுவட்டாரத் தொடுவானத்திலிருந்து வரும் ரேடியோ குறுக்கீடு. அதனால் பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் அடக்குவதைத்தான் அவர்கள் முதல் நிபந்தனையாக வைத்தார்கள். எவ்வளவு சரியான கேள்வி!

நான் கூடுதலாகச் சேர்த்தது ஒன்று. இந்த அதிர்வெண்ணில் அரை அலைநீளம் பத்தரை சென்டிமீட்டர்தான். ஹேக்ஸா ஒரு மில்லிமீட்டர் தப்பினால் ஒரு சதவீதம் போச்சு. அதனால் ஒவ்வொரு ஆன்டெனாவையும் நிரலே அரை மில்லிமீட்டர் முன்பின்னாகக் கலைத்துப் பார்த்து, கிடைத்ததில் மோசமான மதிப்பெண்ணையே அதற்குக் கொடுக்கிறது. இதில் கெயின் கொஞ்சம் குறைகிறது, ஆனால் கையால் வெட்டினாலும் தாங்குகிற வடிவம் கிடைக்கிறது. லேத் பட்டறைக்குக் கொடுக்கும் கூலி மிச்சம், அந்தப் பணத்தில் சிக்னலைப் பெருக்கும் நல்ல ப்ரீஆம்ப் வாங்கலாம்.